டர்போ முதலாளி

"படார்!"

சத்தம் கேட்ட மறுநொடி அந்த நாரணாபுரம் கம்பெனியில் ஒரு ஷெட்டில்கூட ஆள் இல்லை. செருப்பைத் தேடவில்லை, சேலையைச் சரிசெய்யவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அத்தனை பெண்களும் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் நின்றார்கள். பட்டாசுக் கம்பெனியில் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று விசாரிக்கக் கூடாது, ஓட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

வெடித்தது பட்டாசு இல்லை. முதலாளி சுந்தரபாண்டியின் கார்.

வெள்ளைக் கார். பின்னால் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று போட்டிருக்கும். பெண்டாட்டியின் தம்பி கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் பிடித்துக் கொடுத்தது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றதும் கறுப்புப் புகையைக் கக்கி, ஒரு வெடி வெடித்து, சைலன்சர் வழியாக நாலு பொறியையும் துப்பியிருந்தது.

சுந்தரபாண்டிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. மூக்குவரை ஏற அந்தக் கோபத்துக்குப் பொறுமை ஏது? கார்க் கதவைத் திறக்கும்போதே வாய்க்கு வந்துவிட்டது. காரை வைதால் காருக்குக் கேட்காது, மச்சினன் கோயம்புத்தூரில் இருக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றது வாட்ச்மேன் ஊர்க்காவலன்தான்.

"ஏலே ஊர்க்காவலா! பொறி பறக்குது, பாத்துக்கிட்டு மரம் மாதிரி நிக்க? பட்டாசுக் கம்பெனில வாட்ச்மேன்னு உன்னைய எதுக்குல வச்சிருக்கு? இனிமே இந்த வண்டியில இருந்து ஒரு பொறி வெளிய வரக் கூடாது, ஆமா! வந்துச்சு, உன்னையத் தொலைச்சுப்புடுவேன்!"

"சரிங்க மொதலாளி."

ஊர்க்காவலனுக்கு அதைத் தவிர வேறு பேச்சு வராது. ரொம்ப வருசம் உள்ளே புஸ்வாண ஷெட்டில் வேலை பார்த்தவன். முழங்கால் மடக்க முடியாமல் போனதும் கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சொன்னதைச் செய்வான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்படிப்பட்டவனைத்தான் சுந்தரபாண்டி தினமும் வைவார்.

மூக்கம்மாள் கருவேலங்காட்டிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். உள்ளங்காலில் முள். உள்ளே வேலை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல். அவள் 'வாங்கடி' என்றால் வருவார்கள், 'நில்லுங்கடி' என்றால் நிற்பார்கள்.

"என்ன மொதலாளி, மறுபடியும் உங்க காருதானா?"

"காருன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு ஓடுறீக? சோலியப் பாருங்க!"

"ஓடும்போது அது காருன்னு எப்படித் தெரியும்? என் தங்கச்சி என்ன சத்தம்னு நின்னு பாத்தவதான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

சுந்தரபாண்டி கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார். நியாயத்தைக் கேட்டால் அவருக்கு இன்னும் கோபம் வரும்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. தீபாவளி சீசன். வடக்கே அனுப்ப வேண்டிய லோடு பாதிகூடத் தயாராகவில்லை. ஒரு சத்தம் கேட்டால் போர்மேன் ஷெட் ஷெட்டாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை ஒருத்தியும் உள்ளே கால் வைக்கமாட்டாள். அதிலேயே பாதி நாள் போய்விடும். சீசனில் ஆள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வேனை வைத்துக்கொண்டு, இவரிடமிருந்து எவள் கோபித்துக்கொண்டு வருவாள் என்று காத்துக் கிடந்தார்கள். மூக்கம்மாள் போனால் அத்தனை பேரும் போவார்கள். ஆள் போனால் லோடு போச்சு, லோடு போனால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

அன்றைக்கே காரைத் திருத்தங்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

திருத்தங்கல்லில் சாபிர் பாயின் ஒர்க்‌ஷாப். காருக்குள் ஒரு வயரைச் சொருகினால் கோளாறைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் பொட்டி ஒன்று அவரிடம் இருந்தது. சாபிர் பாய் வயரைச் சொருகிவிட்டு, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்த டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, வண்டி ரிச்சா ஓடுது."

"என்ன பாய், நக்கலா? செகண்ட் ஹேண்ட் வாங்குனவன்னு குத்திக் காட்டுறீகளா?"

"அட, அது இல்ல அண்ணாச்சி. பெட்ரோலு கூட, காத்து கொறச்சல். அதத்தான் ரிச்சும்போம். இன்ஜின் சூட்டைப் பாத்துச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்கு, அது செத்துப்போச்சு. இப்ப எம்புட்டு சூடுன்னு சொல்லுது தெரியுமா? மைனஸ் நாப்பது."

வெளியே வெயிலில் ரோட்டுத் தார் இளகி, போகிற சைக்கிள் டயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மைனஸ் நாப்பதா! இங்கனயா? எந்தக் கிறுக்குப்பய சொன்னான்?"

"சென்சாருதான் அண்ணாச்சி. வண்டிக் கம்ப்யூட்டரு அத நம்பி, அய்யய்யோ இன்ஜின் குளிருல வெறைக்குதேன்னு பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அம்புட்டையும் எரிக்க முடியுமா? மிச்சம் சைலன்சர்ல போயி வெடிக்குது."

"மாத்துங்க பாய்! மொதல்ல அந்தப் பொய்யனை மாத்துங்க!"

மாற்றினார். புகை நின்றது. மறுநாள் காலை கார் சத்தமில்லாமல் வந்து கேட்டுக்குள் நுழைந்தது. வேண்டுமென்றே இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். ஒருத்தியும் ஓடவில்லை. சுந்தரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார்.

ஊர்க்காவலன் நொண்டி நொண்டி ஓடிவந்து, காருக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"என்னல பாக்க? பொறி வருதா?"

"இல்லைங்க மொதலாளி."

"வரக் கூடாது! நான் சொன்னது ஞாவகம் இருக்குல்ல?"

"இருக்குங்க மொதலாளி."

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதே கார் கொஞ்சம் மூச்சு வாங்கியது. மறுநாள் காலை வேகமே எடுக்கவில்லை. கேட்டுக்கு வந்ததும், படார்! ஷெட்டுகள் காலி. கருவேலங்காடு நிறைந்தது.

சுந்தரபாண்டி இறங்கிய வேகத்தில் கார்க் கதவு இரண்டு தடவை மூடித் திறந்தது. ஊர்க்காவலன் எதிரே வந்து நின்றான்.

"மொதலாளி, ஒரு விசயம்..."

"வாயை மூடுல! உன்கிட்ட விசயம் கேட்டனா? பொறி வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு!"

"கொஞ்சூண்டு வந்துச்சுங்க."

"கொஞ்சூண்டா? அந்தக் கொஞ்சூண்டு பத்தாதால, மொத்தக் கம்பெனியும் மேல போறதுக்கு? நிக்கான் பாரு, பிடிச்சு வச்ச பிள்ளையாரு மாதிரி!"

"சரிங்க மொதலாளி" என்று ஊர்க்காவலன் சலாம் போட்டான். நெற்றிக்குப் போன கையில் காய்ந்த மண் அப்பியிருந்தது.

"கையக் கழுவிட்டு வந்து சலாம் போடுல, எருமை!" என்று அதற்கும் ஒரு வசவு விழுந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் உட்காரும்போதும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. தட்டில் விழுந்த தோசையைக் காரைப் பிய்ப்பது மாதிரிப் பிய்த்தார். பெண்டாட்டி செல்வலட்சுமி சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வண்டிக்கு என்னதான் கோளாறாம்?"

"சென்சார்."

"சினிமாவுல கண்டதையும் வெட்டுவாகளே, அதா?"

"அது வேற, இது வேறடி! தப்பு நடந்தா கண்டுபிடிச்சுச் சொல்றது!"

"அப்ப உங்க வாய்க்கும் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. சினிமாவுதா இருந்தாலும் சரி, காருதா இருந்தாலும் சரி."

"உன் தம்பி தலையில கட்டுன வண்டி இது! பேசாத!"

"என் தம்பி வண்டிதான் கொடுத்தான். தெனம் அதுலதான் போகணும்னு சத்தியமா வாங்குனான்? சீசன் முடியிற வரைக்கும் டவுன் பஸ்ல போங்களேன்."

"டர்போ வாங்குனவன் டவுன் பஸ்ல போறதா? ஊரு சிரிக்காது?"

"இப்ப மட்டும் ஊரு என்ன, ஒப்பாரியா வைக்குது?"

மறுபடியும் திருத்தங்கல். பொட்டியைச் சொருகிய சாபிர் பாய் நெற்றியைச் சுருக்கினார்.

"இப்ப வேற சென்சாரைச் சொல்லுது அண்ணாச்சி. உள்ள போற காத்தை அளக்குறது. கணக்கு ஒத்து வரலையாம். எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. வண்டிய விட்டுட்டுப் போங்க, சைலன்சரை இறக்கிப் பாத்துருவோம்."

"சைலன்சரையா? அது சத்தம் வர்ற எடம் பாய், கோளாறு இருக்குற எடம் இல்ல! வயித்துவலின்னு ஒருத்தன் கத்துனா வாயிலயா வைத்தியம் பாப்பீக? பொட்டி என்ன சொல்லுது?"

"காத்து சென்சார்னு..."

"மாத்துங்க!"

மாற்றினார். வண்டி இன்னும் மோசமானது. அடுத்த தடவை, புகையை மோந்து பார்த்துப் பெட்ரோல் கூடவா குறையவா என்று சொல்லும் சென்சார் என்றார் சாபிர் பாய்.

"மோந்து பாக்க அது என்ன போலீஸ் நாயா?" என்று கத்திவிட்டு அதையும் மாற்றச் சொன்னார் சுந்தரபாண்டி. சைலன்சர் என்று சாபிர் பாய் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவர் அவருக்கு மேலே வாயைத் திறந்தார். தன்னை விட்டால் காருக்கு வைத்தியம் தெரிந்தவன் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்பதுபோலக் கையை வேறு ஆட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு சென்சாருக்கும் கார் ஒரு சுற்று இளைத்தது. முதலில் லாரியை முந்த முடியவில்லை. பிறகு மினி பஸ்ஸை. ஒருநாள் சிவகாசி ரோட்டில் டவுன் பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, ஒதுங்கச் சொல்லி, தாண்டிப் போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, டர்போன்னு எழுதியிருக்கே, அது வண்டி பேரா, உங்க பேரா?"

பஸ்ஸே சிரித்தது. சுந்தரபாண்டி கண்ணாடியை இறக்கி, அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை கண்டக்டரின் வம்சத்தையே வைதார். அந்த நேரத்தில் கார் நூறு அடிகூட நகர்ந்திருக்காது.

அன்றைக்கும் கேட்டில் வெடித்தது. அன்றைக்குத்தான் மூக்கம்மாள் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, கேட்டுக்குங்க. இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, காட்டுக்கு ஓட மாட்டோம். நேரா அடுத்த கம்பெனி வேன்ல ஏறிருவோம்."

"எந்தச் சத்தம்?"

"ரெண்டுந்தான். உங்க காரு போடுறதும், அதுக்கப்புறம் நீங்க போடுறதும். காராச்சும் ஒரு தடவயோட நிறுத்துது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுந்தரபாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் லோடை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி. இனிமே வண்டி உள்ள வராது. கேட்டுக்கு எட்ட, கம்மாக்கரையில நிறுத்திட்டு நடந்து வாரேன். போதுமா?"

சொன்னபடி செய்தார். அவர் தன் வாழ்க்கையில் இறங்கிவந்தது அதுதான் முதல் தடவை. கார் கண்மாய்க் கரைக்குப் போனதும், ஊர்க்காவலனும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். காலையில் அவர் இறங்கும்போது "மொதலாளி, ஒரு விசயம்" என்பான். அவர் "வாயை மூடுல! பொறி வந்துச்சு, கொன்னுபுடுவேன்!" என்பார். இவன் "சரிங்க மொதலாளி" என்பான். இருவருக்கும் அது பழகிவிட்டது.

மூன்றாவது சென்சார் மாற்றியும் கார் இழுத்துக்கொண்டே கிடந்ததால், சுந்தரபாண்டி சாபிர் பாயைப் பொட்டியோடு தூக்கிக் காரில் உட்கார வைத்து நாரணாபுரத்துக்கு ஓட்டி வந்தார். முதல் கியரை விட்டு ஏற்ற முடியவில்லை. வியர்வை வழிய வழிய, ஸ்டீரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார்.

கண்மாய்க் கரையில் பிரேக் போட்டதும், இதுவரை வெடித்த அத்தனைக்கும் சேர்த்து ஒரு வெடி.

"படார்!"

கம்பெனிக்குள்ளிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். பாதி வழியில் நின்றார்கள். கார் என்று தெரிந்தது. மூக்கம்மாள் உள்ளே திரும்பிப் போய்ச் சோத்துச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எதிரே ரோட்டில் பக்கத்துக் கம்பெனி வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"ஏ மூக்கம்மா! நில்லு! எல்லாரும் நில்லுங்க! ஏலே ஊர்க்காவலா, மறிச்சு நில்லுல! ஓய் பாய், உம்ம பொட்டியத் தூக்கிக் கம்மாயில போடும்! என் மச்சினன் மட்டும் இப்ப இங்க இருந்தான்..."

"அண்ணாச்சி!" என்று ஒரு குரல் இடிபோல எழுந்தது. இத்தனை நாளும் பொறுமையாக இருந்த சாபிர் பாய்தான். பொட்டியோடு காரை விட்டு இறங்கினார். "ஒரு நிமிசம் அந்த வாயை மூடுங்க! மூணு சென்சார் மாத்தியாச்சு. ரெண்டாந் தடவையில இருந்து சைலன்சரைப் பாக்கணும்னு சொல்றேன். பாக்க விட்டீகளா? உங்க வாய்ச் சத்தத்துல என் வைத்தியமே எனக்கு மறந்துபோச்சு! ஏறி உக்காருங்க. ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிங்க!"

சுந்தரபாண்டியை அப்படி அதட்டினவர் இதுவரை யாரும் இல்லை. அந்த அதிர்ச்சியில் ஏறி உட்கார்ந்து மிதித்துவிட்டார்.

இன்ஜின் முக்கியது. கார் முழுக்க நடுங்கியது. பின்னால் புஸ்ஸ் என்று ஒரு சீற்றம் எழுந்து, 'டப்' என்று ஏதோ கழன்றது. சைலன்சரிலிருந்து கறுப்பாக ஒரு கட்டி கிளம்பி, கரிப் புகையை வால் மாதிரி இழுத்துக்கொண்டு கரைக்கு மேலே பறந்து, காய்ந்த கண்மாயில் சொத்தென்று விழுந்தது. ராக்கெட் செய்கிற பெண்களே வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கார் பாடியது. கரகரப்பு இல்லை, புகை இல்லை. டர்போவின் மெல்லிய விசில் சத்தம் அப்போதுதான் அந்த ஊருக்குக் கேட்டது.

மூக்கம்மாள் வேனுக்குப் போகிற வழியில் கண்மாய்க்குள் இறங்கி, முந்தானையால் அந்தக் கட்டியைப் பிடித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம புஸ்வாணத்துக்கு அடைக்கிற மண்ணுல்ல! பாருங்க, நடுவுல அளவா கண்ணு விட்டிருக்கு. தொழில் தெரிஞ்ச கைதான் அடைச்சிருக்கு."

சாபிர் பாய் அந்தத் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பாதிகூடப் போகவில்லை.

"இந்த ஓட்டை வழியா மூச்சு விட்டா எந்த இன்ஜின்தான் வெடிக்காது? மொதல் சென்சார் நெசமாவே கெட்டுப்போனது. மத்ததெல்லாம் பொய் சொல்லல அண்ணாச்சி. மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு ஒவ்வொண்ணும் கத்தியிருக்கு. நாமதான் கத்துனவனையெல்லாம் கழட்டிப் போட்டோம்."

சுந்தரபாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சதி! பக்கத்துக் கம்பெனிக்காரன் வேலை! ஆளைக் கிளப்ப எவனோ கூலிக்கு வந்து மண்ணடைத்திருக்கிறான்! நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வாயைத் திறந்தார்.

"எந்தப் பயல..."

"மொதலாளி! சத்தம்."

கட்டியைப் பாய் கையில் கொடுத்துவிட்டுப் போன மூக்கம்மாள் ஒரு காலை வேன் படியில் வைத்திருந்தாள்.

இழுத்த காற்றை அப்படியே முழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்து, மெதுவாக இறங்கியது. பிறகு, கட்டிய பெண்டாட்டிகூட ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் கேட்டார்.

"யாருப்பா... இதச் செஞ்சது? பயப்படாமச் சொல்லுங்கப்பா."

ஊர்க்காவலன் ஸ்டூலிலிருந்து எழுந்து முன்னால் வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தன்னைப் பேசச் சொல்லிக் கேட்கிறார்களே என்று முகமெல்லாம் மலர, மண் அப்பிய கையால் சலாம் போட்டான்.

"நான்தாங்க மொதலாளி. ஒரு பொறி வெளிய வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? மொத நாளு கட்டவெரல் போறாப்புலதான் கண்ணு விட்டு அடைச்சேன். அப்புறம் நீங்க வைய வைய, தெனம் கொஞ்சம் மண்ணு வச்சு அதச் சின்னதாக்கிக்கிட்டே வந்தேன்."